இறக்கை நேராக இருந்த ஈக்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆயிரத்து நூறு வகைப் பழ ஈ இருந்தது. ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கண்ணாடிக் குப்பி, பஞ்சு அடைப்பு, பென்சிலில் எழுதி ஒட்டிய சீட்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லா ஈயையும் பழைய குப்பியிலிருந்து புதுக் குப்பிக்குத் தட்டி மாற்ற வேண்டும். மறந்தால் அந்த வகை அத்தோடு ஒழிந்தது. அத்தனையையும் பத்தொன்பது வருஷம் சாகவிடாமல் வைத்திருந்தவள் ஒரே ஒரு பொம்பளை. மாணவர்கள் கிண்டலாக ஈயக்கா என்று பெயர் வைத்தார்கள். பிறகு பேராசிரியரும் அப்படியே கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

நான் அந்த ஈக்களுக்குச் சமையல்காரன். சிரிக்க வேண்டாம், அதுவும் வேலைதான். சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கடற்பாசித் தூள் எல்லாம் போட்டு அண்டாவில் கிண்டி, சூட்டோடு குப்பியில் இரண்டு விரல் உயரம் ஊற்றி ஆறவைக்க வேண்டும். தண்ணீர் கூடினால் ஈ ஒட்டிக்கொண்டு சாகும். குறைந்தால் காய்ந்து சுருங்கும். அக்கா எனக்கு வைத்த பெயர் கஞ்சி. காலையில் தட்டை எடுத்துக்கொண்டு போனால், "என்ன கஞ்சி, இன்னிக்காவது என் பிள்ளைங்க வாயில வைக்க முடியுமா, இல்ல நேத்து மாதிரி கோந்துதானா?" என்பாள். ஒரு நாளும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை.

குப்பி கழுவ வந்தவள் அவள். பத்தாவது வரை படிப்பு. கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்து, கேட்டு, திட்டு வாங்கி, ஒரே வருஷத்தில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பொரிந்து எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈயை ஆண் ஈயிடமிருந்து பிரித்துவிட வேண்டும். விட்டால் அது யாரோடு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது, மூன்று மாச வேலை மண்ணாய்ப் போகும். அதற்காகவே காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். வாயுவில் மயங்கிக் கிடக்கும் ஈக்களைச் சின்ன தூரிகையால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தள்ளுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று சொல்வார்களே, அதுதான். ஒன்பது மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு வரும் மாணவனிடம், "வாங்க ராசா, பொண்ணுங்கள எல்லாம் நான் பாத்து முடிச்சுட்டேன். நீங்க போய்த் தூங்குங்க" என்பாள்.

பத்தொன்பது வருஷத்தில் ஒரு குப்பியைக்கூட அவள் கலந்ததில்லை. இதை நான் சும்மா அடித்துவிடவில்லை. ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்து, அவளுடைய வேலையை நான்கு பேர் பங்கு போட்டுப் பார்த்தோம். ஐந்தே நாளில் ஒன்பது குப்பியைக் கலந்தோம். வந்து பார்த்துவிட்டு எங்களைக் காய்ச்சி எடுத்தாள். ஒன்பதையும் மூன்று மாசத்தில் திரும்பப் பிரித்தாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பது தாண்டியதும் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும் என்றார் டாக்டர். தர்ம மருத்துவமனையில் வரிசையில் நின்றால் வாரத்துக்கு ஒரு தடவைதான் கிடைத்தது. காலெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கி, மனுஷன் உட்கார்ந்தபடியே தூங்குவார். எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி இருக்கிறது, அதில் டயாலிசிஸ் அறையும் இருக்கிறது. ஆனால் நிரந்தர ஊழியரின் குடும்பத்துக்கு மட்டும். அக்கா ஒப்பந்த ஊழியர். வருஷா வருஷம் புதுப்பித்துப் புதுப்பித்துப் பத்தொன்பது வருஷம் ஓட்டியிருந்தார்கள்.

அந்த வருஷம் எங்கள் கூடத்துக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அந்த இடம் அவளுக்கு என்று எல்லோரும் பேசிவிட்டோம். நானும் ஒப்பந்தக்காரன்தான், ஒப்புக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வைத்திருந்தேன்.

ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் உற்சாகமாக இருந்தார்.

"உங்க ஆஸ்பத்திரில கட்டில்லாம் மோட்டார் வச்சதாமே? பட்டனத் தட்டினா ஏறும், இறங்கும்?"

"ஆமா, போய் அதையும் கழட்டிப் போடுங்க. படுக்கப் போறீங்களா, ரிப்பேர் பண்ணப் போறீங்களா?" என்றாள் அக்கா.

"ரெண்டுந்தான்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

இனி இதற்கெல்லாம் காரணமான ஓர் ஏற்பியின் கதை. எனக்கு அக்கா சொன்ன விதத்திலேயே சொல்கிறேன், பேராசிரியர் சொன்னால் உங்களுக்கும் புரியாது, எனக்கும் புரியாது. "ஒரு செல்லு பக்கத்து செல்லுக்குச் சேதி அனுப்பும் கஞ்சி. வளரு, ரெண்டாப் பிரி, செத்துப்போயிடாதேன்னு. அத வாங்கிக்க செல்லோட வெளிச்சுவர்ல ஒண்ணு கையை நீட்டிக்கிட்டு நிக்கும். அதான் ஏற்பி. சேதி வந்து அதுமேல ஒட்டினதும் உள்பக்கம் முழிச்சுக்கும். அது அடுத்தவன எழுப்பும், அவன் அடுத்தவன எழுப்புவான், அப்படியே நடு மையம் வரைக்கும் போய்ச் சேரும்."

"ஏற்பி இல்லன்னா?"

"வெளிய இருந்து கத்திக்கிட்டே கிடக்க வேண்டியதுதான், கேக்க ஆளில்ல. முட்டைக்குள்ளயே செத்துரும்."

அந்த ஏற்பியைச் செய்யும் மரபணு ஒவ்வொரு ஈயிலும் இரண்டு பிரதி. ஒன்று உடைந்திருந்தாலும் இன்னொன்று காப்பாற்றும். இரண்டும் உடைந்தால் சாவு. அப்படியானால் உடைந்ததை எப்படித் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பது? அதற்கு ஈக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. நல்ல பிரதி இருக்கும் குரோமோசோமில் இறக்கையைச் சுருட்டிவிடும் ஓர் அடையாளத்தையும் சேர்த்துவிடுவார்கள். அந்தக் குப்பியில் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு ஈக்கும் நல்ல பிரதி ஒன்று இருந்தே தீரும், ஆகவே இறக்கை சுருண்டே இருக்கும். நேரான இறக்கையோடு ஓர் ஈ வந்தால், இரண்டு பிரதியும் உடைந்தும் அது பிழைத்துவிட்டது என்று அர்த்தம். அதிசயம் என்று வையுங்கள்.

அந்த அதிசயத்துக்காக ஒரு ஆராய்ச்சி மாணவன் நான்கு வருஷம் மல்லுக்கட்டினான். செல்லுக்குள்ளே சேதியைத் தடுக்கும் இன்னொரு மரபணுவையும் உடைத்துவிட்டால், ஏற்பி இல்லாமலேயே சேதி ஓடும் என்பது அவன் நம்பிக்கை. கெட்ட பையன் இல்லை. பயந்த பையன். பயந்தவன் செய்கிற கெடுதலுக்கு ஈடே கிடையாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஈ வளர்க்கும் வெப்பநிலைப் பெட்டிகள், நாங்கள் இன்குபேட்டர் என்போம், மூன்று இருந்தன. முதல் இரண்டில் ஒன்றிரண்டு குப்பிக்குத்தான் இடம் இருந்தது. தன் குப்பிகளை மூன்றாவதில் வைத்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சாதாரண ஈக்களை முதல் பெட்டியில் வைத்தான். மூன்றாவதன் வெளிப் போர்டில் இருபத்தைந்து டிகிரி என்று சிவப்பாக எரிந்தது. பத்து நாளில் பொரிய வேண்டிய ஈக்கள் பத்தொன்பதாம் நாள் பொரிந்தன. வந்த ஈக்களில் முக்கால்வாசிக்கு இறக்கை நேர்.

பையன் துள்ளிக் குதித்தான். பேராசிரியர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார், நுண்ணோக்கியில் அவர் குனிந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. மெதுவாக வளர்ந்ததையும் ஒரு கண்டுபிடிப்பாக எழுதிக்கொண்டார்கள். கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், தின்றேன்.

அக்கா தின்னவில்லை. ஈக்களை வாங்கி ஒரு மணி நேரம் பார்த்தாள்.

"தம்பி, இது சுருள் இறக்கைதான். நுனியப் பாருங்க, லேசா மடங்கியிருக்கு. குளிர்ல வளந்தா சுருளாது. பொட்டிக்குள்ள குளிரா இருக்கு."

"போர்டுல இருபத்தஞ்சு போட்டிருக்கேக்கா."

"போர்டு சொல்றதக் கேட்டா ஈ வளருது?"

ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு அந்தப் பெட்டிக்குள் ஒரு நாள் வைத்தாள். மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். "கஞ்சி, உன் கண்ணால பாரு. நாளைக்கு நான் கனவு கண்டேன்னு சொல்லுவானுங்க." பார்த்தேன். பதினெட்டு. வெப்பநிலை நோட்டில் தேதி போட்டு, மூன்றாம் பெட்டி, போர்டில் இருபத்தைந்து, உள்ளே பதினெட்டு என்று எழுதி, பக்கத்தில் என்னையும் சுருக்கொப்பம் போடச் சொன்னாள். போட்டேன்.

நோட்டைப் பேராசிரியரிடம் கொண்டுபோனாள். நானும் வாசலில் நின்றேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "ஈயக்கா, குப்பிய மாத்துறது உங்க வேலை. ஆராய்ச்சிய நாங்க பாத்துக்கறோம். பொட்டிய ரிப்பேர் பண்ணச் சொல்லிடறேன், சரியா?"

"டி.என்.ஏ. எடுத்து ஒரு தடவ பாத்துரலாமே சார்?"

"இன்னொரு கூடத்துல இதையே பண்ணிக்கிட்டு இருக்காங்க. நாம முந்தணும். நோட்ட வச்சுட்டுப் போங்க, பத்திரமா இருக்கும்."

நோட்டு இழுப்பறைக்குள் போனது, திரும்பி வரவில்லை. அக்கா இன்னும் கத்தியிருக்கலாம். அவளுடைய நிரந்தர வேலைக்கான சிபாரிசுக் கடிதம் அதே மேஜைமேல் கையெழுத்தாகாமல் கிடந்தது. வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அந்தக் காரணம்கூட இல்லை, நானும் மூடிக்கொண்டேன்.

கட்டுரை வெளியானது. பெரிய பத்திரிகை. பையனுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. இதற்கு நடுவே பெட்டிக் கம்பெனி ஆள் வந்து மூன்றாம் பெட்டியைச் சரிசெய்தான். அன்றோடு நேரான இறக்கை நின்றது. ஆறாம் மாசம் அந்த இன்னொரு கூடத்திலிருந்து கடிதம் வந்தது. எத்தனை தடவை செய்தும் ஒரு ஈகூடப் பிழைக்கவில்லை, உங்கள் ஈக்களை அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

பேராசிரியர் ஆடிப்போனார். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டார். கூடவே என்னையும். மேஜைமேல் இரண்டு தாள் இருந்தது. ஒன்று அந்தச் சிபாரிசுக் கடிதம். இன்னொன்றில் மூன்று வரி டைப் அடித்திருந்தது. "நான் பராமரித்த குப்பிகளில் வேறு வகை ஈக்கள் கலந்துவிட்டன. கவனக்குறைவு என்னுடையது. இதற்காக வருந்துகிறேன்."

அக்கா இரண்டு தடவை படித்தாள். "சார், நான் ஒரு குப்பியக்கூடக் கலந்ததில்ல."

"எனக்குத் தெரியாதா ஈயக்கா? உங்கள மாதிரி வேலை செய்ற ஆளு உலகத்துல கிடையாது."

"அப்புறம் ஏன் சார்?"

"பொட்டி கெட்டுப்போச்சு, நாங்க பாக்கலன்னு எழுதினா கூடத்தையே மூடிருவாங்க. அந்தப் பையன் பொழப்பு போயிரும். கூடமே இல்லன்னா நிரந்தரம் யாருக்குக் கொடுக்குறது? ஈ கலந்துபோச்சுன்னா அது எல்லா எடத்துலயும் நடக்கறது. கட்டுரையத் திருப்பி வாங்கிட்டு வேலையப் பாக்கலாம். உங்க வீட்டுக்காரர நெனச்சுப் பாருங்க."

அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது குரலை இறக்கினாரே, அதற்கே அவரை நாலு அறை விட்டிருக்க வேண்டும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மொதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள் அக்கா. விவரமானவள். அவர் சிபாரிசில் போட்டார். தேதியும் போட்டார், முத்திரையும் குத்தினார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் தன் தாளில் போட்டாள். வழக்கமாக ஒரே இழுப்பில் போடுகிறவள், ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

"சாட்சி ஒண்ணு வேணும்" என்று என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். வெப்பமானியைப் பார்த்தவன் நான். பதினெட்டு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒப்பமிட்டவன் நான். ஆனாலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவளே போடும்போது நான் யார் தடுக்க என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு இடத்துக்கு நானும் விண்ணப்பம் போட்டிருப்பது என் நினைவுக்கே வரவில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். பொய். வந்தது.

வெளியே வந்ததும் அக்கா முகம் கழுவினாள். "போகுது விடு கஞ்சி. பேரு போனாப் போகுது, மனுஷன் காலு வத்துனா போதும்" என்றாள்.

அடுத்த மாசம் தேர்வுக் குழு. மூன்று பேர், நீள மேஜை, ஆளுக்கு ஒரு தண்ணீர் டம்ளர். ஓரமாகப் பேராசிரியர். அக்காவும் நானும் ஒன்றாகவே உள்ளே கூப்பிடப்பட்டோம். தலைவர் முதலில் சிபாரிசைப் படித்தார். நேர்மை, உழைப்பு, பத்தொன்பது வருஷம். அக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து இன்னொரு தாளை எடுத்தார். கட்டுரையைத் திருப்பி வாங்கியபோது நிறுவனத்துக்கு அனுப்பிய அந்த மூன்று வரி, அவளுடைய கோப்பில் சேர்ந்திருந்தது.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா சார்."

"குப்பிகளக் கலந்தது நீங்கதானா?"

அவள் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார். அவளுக்கு வழி இல்லை. ஆமாம் என்றால் வேலைக்கு லாயக்கில்லாதவள். இல்லை என்றால் பொய்க் கையெழுத்துப் போட்டவள்.

"சார், சொல்லுங்க சார்" என்றாள் அவரிடம். அவ்வளவுதான் கேட்டாள்.

"ரொம்ப நல்ல பணியாளர். ஒரு தடவ நடந்த தவறு. குழு பார்த்து முடிவு செய்யட்டும்" என்றார் அவர். முப்பது வருஷம் இந்த மாதிரிக் குழுக்களில் உட்கார்ந்து எழுந்தவர். அந்தத் தாள் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதாம். என் காதில் பூ சுற்றட்டும்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சாட்சி நீங்கதானே? இவங்க எழுதினது உண்மைதானா?"

அறை முழுக்க என்னைப் பார்த்தது. அக்காவும் பார்த்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை, நான் சொல்லிவிடுவேன் என்று நம்பினாள். பொட்டிக்குள்ள பதினெட்டு டிகிரி சார், நான் பாத்தேன் சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

"கையெழுத்து அவங்களோடதுதான் சார்" என்றேன்.

தலைவர் குறித்துக்கொண்டார். கலந்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டவரை ஈக்களுக்குப் பொறுப்பாக நிரந்தரமாக்க முடியாது என்று எழுதினார்கள். நியாயந்தானே, யாராக இருந்தாலும் அதைத்தானே எழுதுவார்கள். ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. இடம் வீணாகக் கூடாது என்று அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார்கள். என்னுடையது.

கடைசி வாரம் முழுக்க அவள் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தாள். எந்த வகை எப்போது சுணங்கும், எதற்கு ஈரம் ஆகாது, எதை இரண்டாம் பெட்டியில் வைக்கக் கூடாது. ஒரு குறையும் வைக்காமல் சொன்னாள். கடைசி நாள் பையை எடுத்துக்கொண்டு, "உனக்காவது கெடச்சுதே, வெளியாளுக்குப் போகல" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலை. மனசாரச் சொன்னாள்.

அப்புறம் ஒரு துணிக்கடையில் அளவு வாரியாக அடுக்கும் வேலைக்குப் போனாள். வாரத்துக்கு ஒரு தடவை தர்ம மருத்துவமனை வரிசை. பதினோராவது வாரம் அவர் இறந்துபோனார், வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. பேராசிரியர் மலர்வளையம் அனுப்பினார். அந்தப் பையன் கடல் தாண்டியிருந்து போன் பண்ணி அழுதானாம். அக்கா அவனைச் சமாதானப்படுத்தினாளாம்.

எனக்கு நிறுவன ஆஸ்பத்திரியின் மருத்துவ அட்டை வந்தது. என் வீட்டில் யாருக்கும் நோய் நொடி கிடையாது, நானும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அட்டை சும்மாதானே கிடக்கிறது என்று, வந்த வாரமே பல் சுத்தம் பண்ணிக்கொள்ளப் போனேன். பல் பிரிவு இரண்டாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேறினேன். முதல் மாடியில் டயாலிசிஸ் அறையின் கதவு திறந்திருந்தது. ஆறு கட்டில். இரண்டு காலியாக இருந்தது, விரிப்பு மாற்றித் தயாராக வைத்திருந்தார்கள். அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார்.